கையை விட்டுட்டு வாங்க

கள்ளிமேட்டுப் பிரிவில் பம்ப் கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கிற தெருவில், பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, புது மிஷினைக் கும்பிட்டு முடித்த ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு வருஷமாக ஒரே லீவரை இழுத்துக்கொண்டிருந்த வசந்தாமணி தன் வலது கையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். விட்டுவிட்டு வந்தாள் என்றால் கை அறுந்துபோகவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை; தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, வளையல் இருந்தது, கொசு கடித்தால் அரித்தது, நகம்கூட வளர்ந்தது; அந்தக் கையை அசைக்கிற ஒன்று மட்டும் வரவில்லை.

அவள் பார்த்த வேலை கஷ்டமானதல்ல, ஓயாதது. பம்பின் இரும்பு உடம்பைத் தூக்கி பிக்ஸரில் உட்கார வைக்க வேண்டும். பிக்ஸர் என்றால் வேறொன்றுமில்லை, பொருளை அசையாமல் பிடித்துக்கொள்கிற இரும்புத் தாங்கல். லீவரைக் கீழே இழுத்தால் அது பம்பின் வாயை இறுக்கி மூடும், உள்ளே காற்று ஏறும், மொத்தமும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். இருபது எண்ணும்வரை குமிழி வருகிறதா என்று பார்த்திருந்து, வராவிட்டால் லீவரைத் தூக்கிவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும், வந்தால் லீவரால் டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டுச் சத்தம் கேட்டால் சூப்பர்வைசர் நாச்சிமுத்து வந்து கசிகிற பம்பைத் தனியே எடுத்துப் போவார். நாளுக்கு அறுநூறு பம்ப். பதினோரு வருஷத்துக்கு எத்தனை என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, எண்ணுகிற எண்ணமெல்லாம் இருபதோடு முடிந்துவிடும்.

அந்த லீவருக்குப் பதிலாகத்தான் பி.எல்.சி. வந்தது. செருப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா. இது முடிந்தால் அது, அது முடிந்தால் அடுத்தது என்று அதற்குள் வரிசையாக எழுதிவைத்துவிட்டால், காற்றில் ஓடும் சிலிண்டர் ஒன்று லீவரின் வேலையைத் தானே செய்துவிடும் என்றான் அதை மாட்ட வந்த எஞ்சினியர் ஜெபசிங். நாகர்கோவில் பக்கத்துப் பையன், நல்ல மாதிரி. மூன்று வாரம் வசந்தாமணியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் எப்போது இழுக்கிறாள், எத்தனை நொடி நிறுத்துகிறாள், எப்போது விடுகிறாள் என்று ஒன்று விடாமல் குறித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை கடைசிப் பம்பைக் கையால் ஓட்டிமுடித்தபோது, அவன் பேனலுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"போதும்க்கா. இனி அது பாத்துக்கிடும். நீங்க கைய விட்டுட்டு வாங்க."

கோயமுத்தூர்க்காரனாக இருந்தால் "கைய எடுங்க" என்றிருப்பான், இந்தக் கதையும் இருந்திருக்காது. தெற்கத்திப் பையன் அவன் வழக்கத்தில் சொன்னான். வசந்தாமணியோ சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். உட்காரென்றால் உட்கார்ந்து, நில்லென்றால் நின்று, எண்ணென்றால் எண்ணியவள். அந்தக் குணத்துக்காகவே கம்பெனியில் அவளுக்கு நல்ல பெயர், அந்தக் குணமே அன்றைக்கு அவளைக் கவிழ்த்தது. கையை விட்டாள். வந்தாள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கப் போனபோதுதான் சாவி பிடிக்க ஆளில்லை என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், வசந்தாமணி "ஆ" என்றதும் சந்தோஷப்பட்டார். "கை நல்லாத்தாம்மா இருக்குது, பூட்டிக் கெடக்கற வீடாட்ட இருக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டுமென்று சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

மறுநாள் காலை எட்டரைக்குச் சங்கு ஊதியது. கழற்றிப் பின்கட்டில் குப்பை இரும்போடு போட்டிருந்த பழைய லீவர் அடித்தட்டோடு நிமிர்ந்து நின்றது, இறங்கியது, இருபது எண்ணும்வரை பொறுத்தது, ஏறியது, மறுபடி இறங்கியது. பழைய இரும்பு எடுக்க வந்தவர் அதைத் தராசில் வைத்தார், முள் ஓரிடத்தில் நிற்கிற வழியாக இல்லை. நிற்காத பொருளை எடுத்துப் பழக்கமில்லை என்று சொல்லி, தெருமுக்கில் லைன் வீடுகளுக்கு எதிரே, புங்கமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். லைன் வீடுகளில் மூன்றாவது வீடு வசந்தாமணியுடையது.

முதல் இரண்டு நாள் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் சும்மா ஆடுகிற ஒன்றைச் சும்மா விட்டுவைப்பானேன் என்று தோன்றியது. இரட்டைப் பிள்ளை பெற்று, இரண்டும் மாறி மாறி அழ, வீட்டில் தையல் மிஷினை மிதிக்க முடியாமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டுச் சம்பூரணம்தான் முதலில் மரக்கிளையில் தூளியைக் கட்டி அதன் கயிற்றை லீவரில் முடிச்சுப் போட்டாள். லீவர் இறங்கும்போது ஓர் இழுப்பு, ஏறும்போது ஓர் இழுப்பு. தூளி நின்றுபோகலாமா என்று பார்க்கிற நேரத்துக்கு அடுத்த இழுப்பு சரியாக வந்துவிடும். இரண்டு பிள்ளைகளும் ஒருசேரத் தூங்கின, பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக. சம்பூரணம் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

பிறகு அடிபம்புக்கு ஒரு கயிறு போனது, குடங்கள் தானே நிரம்பின. சைக்கிள் கடைக் காற்றுப் பம்புக்கு ஒரு கயிறு போனது. யாருக்கு எந்த நேரம் என்று சண்டை வந்தது, சண்டை முற்றி முறை வந்தது: காலையில் தூளி, பத்தரைக்கு மேல் தண்ணீர், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சைக்கிள் கடை. அந்த லீவர் யாருடைய ஷிப்ட்டில் பழகியதோ அவளுடைய ஒழுங்கையே வைத்திருந்தது. பத்தரைக்கு டீக்கு நிற்கும், ஒரு மணிக்குச் சோற்றுக்கு நிற்கும், ஞாயிற்றுக்கிழமை லீவு, மாதக் கடைசியில் ஓவர்டைம். டீக்கடைக் குட்டப்பன் பத்தரைக்கு அதன் முன்னால் ஒரு கிளாஸ் டீ வைத்து மரியாதை செய்வார், பத்து நிமிஷம் கழித்து ஆறிப்போன டீயை அவரே குடித்துவிட்டு அதற்கும் மரியாதைதான் என்பார்.

அது எப்போதாவது டக் டக்கென்று இரண்டு தட்டும். அப்படித் தட்டினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முதல் தடவை தட்டியபோது தெருக்குழாய் உடைந்திருந்தது. இரண்டாம் தடவை கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய். மூன்றாம் தடவை தண்ணீரும் இல்லை, கேஸும் இல்லை. சாயங்காலத்துக்குள் மளிகைக்கடைக்காரர் மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட ரகசியம் ஊரெல்லாம் பரவியிருந்தது. மறைத்துவைத்த உண்மை கசிந்தாலும் அது தட்டும் என்று தெரிந்தபின், லீவர் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் பொய் பேசுவதில்லை. பேச வேண்டியிருந்தால் பத்தடி தள்ளிப்போய்ப் பேசினார்கள்.

நன்றி இல்லாத ஜனமில்லை அவர்கள். வசந்தாமணி தனிக்கட்டை, ஒற்றைக் கையால் என்ன சமைப்பாள் என்று வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் குழம்பு வந்தது. சம்பூரணம் தினமும் காலையில் வந்து தலை பின்னிவிட்டாள். "உங்க கைராசி, மணியக்கா" என்றார்கள். முதல் வாரம் "மணியக்கா கை" என்று பேசிக்கொண்டவர்கள் இரண்டாம் வாரம் வெறுமனே "கை" என்றார்கள், மூன்றாம் வாரம் அவள் வாசலில் நிற்கும்போதே ஒருத்தி இன்னொருத்தியிடம், "நம்ம கை இன்னிக்கி ஓவர்டைமுங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனாள்.

அந்த 'நம்ம' வசந்தாமணிக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது, நடந்தால் கால்கள் புங்கமரத்தடியில் கொண்டுபோய் விட்டன. தூளி ஆடும்போது அவள் தோளில் இரண்டு பிள்ளைகளின் கனம் ஏறி இறங்கியது. குடம் நிரம்பும்போது முழங்கையில் நோவு எடுத்தது. ஊரெல்லாம் அவள் கையால் ஓய்வெடுக்க, அவளுக்கு ஓய்வில்லை. எல்லாவற்றையும்விடச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரும்போதுதான் அவள் உடைந்துபோனாள். யாரும் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் உருண்டை பிடிப்பாள். தான் சாப்பிடுவதைத் தானே பார்க்கக் கூசி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள்.

கம்பெனி அவளைக் கைவிட்டுவிடவில்லை. முதலாளி பழைய ஆட்களை அனுப்புகிறவர் அல்ல. அதே மிஷினில் அதே இடம். பம்பை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பச்சைப் பட்டன்களை இரண்டு உள்ளங்கையாலும் சேர்ந்தாற்போல அமுக்கினால் போதும், மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் அரை நொடிக்குள் ஒன்றாக அமுக்க வேண்டும். சிலிண்டர் இறங்கும்போது ஆளின் இரண்டு கையும் வெளியே இருக்கிறது என்று மிஷினுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக ஜெபசிங் எழுதிவைத்த நிபந்தனை அது. வசந்தாமணி செத்த கையைத் தூக்கி ஒரு பட்டன்மேல் வைத்துவிட்டு மற்றதை அமுக்கினாள். ஒன்று முன்னாடியே அமுங்கியிருக்கிறது, செல்லாது என்று மிஷின் சிவப்பு விளக்கைப் போட்டது. முழங்கையால் பார்த்தாள், இடுப்பால் பார்த்தாள், ஒரு தடவை நெற்றியால் மோதியும் பார்த்தாள். நாச்சிமுத்து ஓடிவந்தார்.

"ஏனுங் அம்மிணி, மண்டைய ஒடச்சுக்குவீங்களாட்ட இருக்குது. ரெண்டு கையும் வேணுமுங்க. மொதலாளி ஆயுத பூஜை வரைக்கும் பாக்கலாம்னு சொல்லீருக்கறாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

எட்டாவது படித்த, நாற்பத்து நாலு வயதான, ஒரு கைக்காரியை அந்தத் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி உள்ளே விடும்? அவள் வெளியே வந்து ஜெபசிங்குக்குப் போன் போட்டாள். அவன் ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு கம்பெனியில் இன்னொரு பெட்டி மாட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அன்னிக்கிக் கைய விட்டுட்டு வாங்கன்னு சொன்னீங்க, நானும் விட்டுட்டு வந்துட்டனுங்க. அது பழைய லீவர்லயே ஆடீட்டு இருக்குது. இப்ப வேணும்."

ஜெபசிங் ஆச்சரியப்படவில்லை. பயந்தான். "நான் எல்லாக் கம்பெனிலயும் அப்படித்தானக்கா சொல்லுவேன்?"

"எத்தன கம்பெனிங்க தம்பி?"

அந்தப் பக்கம் அவன் முணுமுணுத்து எண்ணினான். "பதினேழுக்கா."

அப்புறம் அவன், "போனை லீவருக்கிட்ட கொண்டு போங்க" என்றான். அவள் கொண்டுபோய் ஸ்பீக்கரில் போட்டாள். "கைய எடுத்துக்கிடுங்க!" என்று ஜெபசிங் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கத்தினான். லீவர் ஒரு கணம் நின்று கேட்டது. கேட்டுவிட்டு மறுபடி இறங்கியது.

"நான் சொன்னா கேக்காதுக்கா" என்றான் அவன், குரல் இறங்கி. "நான் எழுதினது அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. இது அதுல இல்ல. விட்டவங்கதான் எடுக்கணும்."

எடுப்பதா? வசந்தாமணி அதுவரைக்கும் எதையாவது எடுத்துக்கொண்டிருக்கிறாளா? கொடுத்தால் வாங்கியிருக்கிறாள், சொன்னால் செய்திருக்கிறாள். யாராவது "எடுத்துக்கங்க மணியக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் அவள் காத்திருந்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் சொல்லவில்லை. குட்டப்பன் டீயைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். சம்பூரணம் பின்னலைப் போட்டபடி, "பட்டனெல்லாம் ஆம்பளைங்க அமுக்கட்டுமுங்க்கா, உங்களுக்கு என்ன கொறைச்சல், நாங்க இல்லீங்களா?" என்றாள். போட்ட பின்னலையே அவிழ்த்து மறுபடி போட்டாள். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை என்று வசந்தாமணிக்குத் தெரிந்தது, தெரிந்ததால் கோபப்படவும் முடியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லீவு நாள் ஆனபடியால் லீவர் அசையாமல் நின்றது. அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பொரியும் சுண்டலும் படைத்து, தெருவே கூடி நின்றது. மாலை போட்டதும் அது இரும்பாகத் தெரியவில்லை, ஏதோ ஊர்ப் பெரியவர் போல இருந்தது. கற்பூரத்தை யார் காட்டுவது என்று பேச்சு வந்தபோது, வசந்தாமணி முன்னால் வந்து இடது கையை நீட்டித் தட்டை வாங்கினாள்.

"ஐயோ, பீச்சாங்கையில காட்டக் கூடாதுங்க்கா" என்று சம்பூரணம் தட்டை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நல்ல மனசோடுதான் வாங்கினாள்.

வசந்தாமணி அவளைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மாலை போட்டு நிற்கிற லீவரைப் பார்த்தாள். உடம்பெல்லாம் கொதித்தது.

"பீச்சாங்கையில காட்டாம? என்ற சோத்துக்கை அதா, அங்க மாலை போட்டுட்டு நிக்குது. அதையத்தான் நீங்கெல்லாம் வெச்சுட்டு இருக்கறீங்களே!"

கூட்டம் தரையைப் பார்த்தது. சம்பூரணம் அழுகிற குரலில் சொன்னாள்: "நாங்க ஒண்ணும் உங்க கையப் புடிச்சு வெச்சுக்கலீங்களேக்கா. நீங்க எடுத்துக்கறதுன்னா நாங்க வேண்டாம்னா சொல்லப் போறோம்?"

டக் டக்.

லீவு நாளில், சங்கு ஊதாமல், மாலையோடு சேர்ந்து அது இரண்டு தட்டுத் தட்டியது. சாமந்தி இதழ்கள் உதிர்ந்தன. சிரிக்க வேண்டிய விஷயம்தான்; யாரும் சிரிக்கவில்லை. சம்பூரணம் தட்டோடு அப்படியே உட்கார்ந்து, "புடிச்சுத்தான் வெச்சிருந்தனுங்க்கா" என்று முகத்தை மூடிக்கொண்டாள். "இந்த ரெண்டும் தூங்கலைன்னா நான் பைத்தியமாயிருவேனுங்க. அதான் சொல்லலீங்க."

யாராவது சொல்வார்கள் என்று அவள் காத்திருந்த வார்த்தையை இனிமேலும் யாரும் சொல்லப் போவதில்லை. வசந்தாமணி லீவரின் பக்கத்தில் போய் நின்றாள். பதினோரு வருஷம் நின்ற அதே தூரத்தில், அதே கால் அகலத்தில்.

"என்ற கை" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. மறுபடி, தெருமுனைவரை கேட்கும்படி சொன்னாள்: "இது என்ற கை. நான் எடுத்துக்கறேன்."

லீவர் இறங்கியது. இருபது எண்ணும்வரை நின்றது; தெருவிலிருந்த அத்தனை பேரும் வாய்க்குள் எண்ணினார்கள். ஏறியது. பிறகு அது வெறும் இரும்பு. மரத்துப்போன காலுக்கு ரத்தம் திரும்புகிறபோது எறும்பு ஊர்வதுபோல அவள் தோளில் தொடங்கி முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஊர்ந்து இறங்கியது; வளையல் குலுங்கியது. அவள் குனிந்து, சம்பூரணத்தின் மடியிலிருந்து தட்டை வலது கையால் எடுத்து, கற்பூரம் ஏற்றி லீவருக்குக் காட்டினாள். பதினோரு வருஷம் உழைத்தது அதுவும்தானே.

சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் தூளியில் ஒரு பிள்ளை விழித்து அழுதது, அதன் சத்தத்துக்கு மற்றதும் விழித்தது. தெரு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. வசந்தாமணி இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள்.

"பொழுதோட ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா ஒரு மணி நேரம் நான் ஆட்றேன், சம்பூரணம். ஆனா ஒண்ணு, நீ வந்து கேக்கோணும்."

"கேக்கறனுங்க்கா" என்றாள் சம்பூரணம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்க் குடத்துக்காரி ஒருத்தி, நான் காலையில ஆட்றேன் என்றாள். குட்டப்பன், மத்தியானம் கடை சும்மாதான் இருக்கும் என்றார். லீவர் கேட்டுக்கொண்டிருந்தது, தட்டவில்லை. ஒருவேளை இனிமேல் அதற்குத் தட்டத் தெரியாமலும் இருக்கலாம்.

பூஜை லீவு முடிந்து சங்கு ஊதியபோது வசந்தாமணி மிஷின் முன்னால் இருந்தாள். பம்பை வைத்தாள். இரண்டு உள்ளங்கையும் இரண்டு பட்டனில் ஒன்றாக விழுந்தன, சிவப்பு அணைந்தது, சிலிண்டர் மூச்சுவிட்டு இறங்கியது. ஒவ்வொரு பம்புக்கும் பட்டனை அமுக்கிவிட்டு வலது கை தானே ஒரு தடவை காற்றில் இழுத்துப் பார்த்துக்கொண்டது, பழக்கம் எங்கே போகும். இருபது எண்ண வேண்டிய அவசியமும் இல்லை, ஆனாலும் எண்ணினாள். நாச்சிமுத்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஜெபசிங் போன் போட்டிருந்தான்; விஷயத்தைக் கேட்டுக்கொண்டவன், அந்த வாரத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பதினாறு கம்பெனிகளின் பின்கட்டையும் போய்ப் பார்க்கத் தொடங்கினான் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

பத்தரைக்கு டீ மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள், அவள் இன்னும் ஒரு பம்பை முடித்துவிடலாமென்று நின்றுகொண்டிருந்தாள். வாசலிலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார்.

"அம்மிணி, டீ ஆறுது பாருங்க. கைய விட்டுட்டு வாங்க!"

ஜெபசிங்கின் பேச்சு அவருக்கும் தொற்றியிருந்தது போலும்; சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

வசந்தாமணி பட்டனிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இதோ, கையோட வர்றனுங்ணா" என்றாள்.